லேவியராகமத்துப் பலிகள்: ஆடு செத்தது யாருக்காக?

வாசிப்பு மேசை

ஒரு வருட வேதவாசிப்பில், பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்துக்கு வந்து நிற்கிறேன். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கழன்றுகொள்வார்கள் என்று குழுவில் கேலியாகச் சொல்வார்கள். நான் கழன்றுகொள்ளவில்லை, மாட்டிக்கொண்டேன்.

ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தது சின்ன சூத்திரம். பாவம் செய்தவன் சாகவேண்டும். அவனுக்குப் பதிலாக ஆடு சாகிறது. அவ்வளவுதான். இப்போது அதிகாரம் அதிகாரமாகப் படித்தால் இடிக்கிறது. 12-ஆம் அதிகாரத்தில் பிள்ளை பெற்றவள் பாவநிவாரண பலி கொண்டுவரவேண்டும் என்கிறது. பிள்ளை பெற்றதில் என்ன பாவம்? பலுகிப் பெருகச் சொன்னதே கர்த்தர்தானே? எண்ணாகமம் 6-இல், கர்த்தருக்கென்று செய்த பொருத்தனையை, அதாவது நேர்ச்சையை, ஒரு குறையும் இல்லாமல் முடித்த நசரேயனும் இதே பலியைக் கொண்டுவருகிறான். போதாததற்கு லேவியராகமம் 5:11. ஆட்டுக்கும் வழியில்லை, புறாவுக்கும் வழியில்லை என்றால் எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு போதும், பாவம் மன்னிக்கப்படும். மாவு எப்படி எனக்குப் பதிலாகச் சாகும்?

விசுவாசத்தைச் சோதிக்க வரவில்லை. அந்தக் காலத்து இஸ்ரவேலன் ஒருவன் ஆட்டைப் பிடித்துக்கொண்டு, கர்த்தர் குடியிருக்கும் ஆசரிப்புக் கூடார வாசலில் நிற்கும்போது, என்ன நடக்கிறது என்று நினைத்திருப்பான்? அதுதான் கேள்வி.

பெத்தேல் 78

சிஸ்டர், குழப்பமே வேண்டாம். பலி கொண்டுவருகிறவன் மிருகத்தின் தலைமேல் கை வைக்கிறான். அவன் பாவம் அதன்மேல் இறங்குகிறது. அது சாகிறது, இவன் பிழைக்கிறான். ஆத்துமாவிற்காகப் பாவநிவிர்த்தி செய்கிறது இரத்தமே என்று 17:11 தெளிவாகச் சொல்கிறது. இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது, எபிரெயர் 9:22. பிள்ளை பெற்றவள் விஷயம், ஆதாமின் பாவம் தலைமுறை தலைமுறையாக இறங்குவதை நினைப்பூட்டுவதற்காக. மாவு ஏழைக்குக் கொடுத்த சலுகை. சலுகையை வைத்துச் சட்டத்தை அளக்கக் கூடாது.

சந்தேகத் தோமா

9:22-ஐ முழுசாப் போடுங்க பிரதர். "கொஞ்சங்குறைய எல்லாம் இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும்" என்பது அதே வசனத்தின் முன்பாதி. அந்தக் "கொஞ்சங்குறைய"வை யாரும் பிரசங்கத்தில் வாசிச்சு நான் கேட்டதில்லை. எழுதினவருக்கு மாவு விஷயம் தெரிஞ்சிருக்கு.

ஓலைச்சுவடி

வாசிப்பு மேசை, உங்களுக்கு இடித்த அதே மூன்று இடங்களில்தான் ஜேக்கப் மில்க்ரோம் என்ற யூத அறிஞருக்கும் இடித்தது. பெர்க்லியில் பேராசிரியராக இருந்தவர், 2010-இல் காலமானார். லேவியராகமத்துக்கு மட்டும் மூன்று பெரிய தொகுதிகளில் உரை எழுதியவர். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: பாவநிவாரண பலியின் இரத்தம் எங்கே போகிறது? அதை மட்டும் கண்ணால் தொடர்ந்து போங்கள்.

4-ஆம் அதிகாரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு படியுங்கள். சாதாரண ஜனங்களில் ஒருவன் தெரியாமல் பாவம் செய்தால் ஒரு பெண் ஆடு. ஆசாரியன் அதன் இரத்தத்தை விரலால் தொட்டு, முற்றத்தில் இருக்கும் தகனபலிபீடத்தின் கொம்புகளில் பூசுகிறான். தலைவன் பாவம் செய்தாலும் இரத்தம் அங்கேதான் போகிறது, ஆடு மட்டும் கடா. அபிஷேகம் பெற்ற ஆசாரியனோ சபை முழுவதுமோ பாவம் செய்தால், காளை. அதன் இரத்தம் கூடாரத்துக்குள் போகிறது. திரைக்கு முன் ஏழு தரம் தெளித்து, உள்ளே இருக்கும் தூபபீடத்தின் கொம்புகளில் பூசுகிறார்கள். அடுத்து 16-ஆம் அதிகாரம். வருடத்துக்கு ஒரே நாள், மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளேயே, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின் மேலும் அதற்கு முன்பாகவும்.

முற்றம், உள்ளறை, கருவறை. பாவம் கனக்கக் கனக்க இரத்தம் உள்ளே உள்ளே போகிறது. இதில் ஒரு இடத்திலும் பலி கொண்டுவந்தவன்மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. அவனைக் கழுவுவதற்கான இரத்தம் என்றால் அவன்மேல் அல்லவா தெளிக்கவேண்டும்?

மில்க்ரோம் வந்து சேர்ந்த முடிவு: கழுவப்படுவது கர்த்தர் குடியிருக்கும் இடம். ஜனங்களின் பாவமும் தீட்டும் காற்றில் பரவும் கரி மாதிரி, செய்தவன் எங்கே இருந்தாலும் பரிசுத்த ஸ்தலத்தில் போய்ப் படிகிறது. 16:16 இதை மறைக்காமலே சொல்கிறது, இஸ்ரவேல் புத்திரரின் தீட்டுகளினிமித்தம் பரிசுத்த ஸ்தலத்துக்காகவே அன்று பிராயச்சித்தம் செய்யப்படுகிறது. 8:15-இல் மோசே இதே பலியின் இரத்தத்தைப் பலிபீடத்துக்குப் பூசி அதைச் சுத்திகரிக்கிறான். பலிபீடம் என்ன பாவம் செய்தது?

இப்போது பிள்ளைபெற்றவளிடம் வாருங்கள். அவளுக்கு உதிரப்போக்கின் தீட்டு இருந்தது. தீட்டு குற்றம் இல்லை. ஆனாலும் அது பீடத்தில் படியும். படிந்ததைத் துடைக்க அவள் பலி கொண்டுவருகிறாள். 12:8-ஐயும் பாருங்கள், முடிவில் அவள் மன்னிக்கப்படுவாள் என்று இல்லை, சுத்தமாவாள் என்று இருக்கிறது. 4-ஆம் அதிகாரத்துக்காரர்களுக்கு "மன்னிக்கப்படும்". இவளுக்குச் "சுத்தமாவாள்". எழுதியவர் இரண்டையும் கலக்கவில்லை.

துடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எசேக்கியேல் 8 முதல் 11 வரை. கர்த்தருடைய மகிமை முதலில் ஆலய வாசற்படிக்கு வருகிறது, பிறகு கிழக்கு வாசலுக்கு, பிறகு நகரத்தை விட்டே எழும்பிக் கிழக்கே இருக்கும் மலைமேல் போய் நிற்கிறது. குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். பலிமுறையின் பின்னால் இருந்த பயம் இதுதான் என்பது என் எண்ணம்.

பெத்தேல் 78

பிரதர், நன்றாகப் படித்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் மூன்று விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். 16-ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்துக்கு அனுப்பிவிடும் போக்காட்டின் தலைமேல் ஆரோன் இரண்டு கையையும் வைத்து அக்கிரமங்களை அறிக்கையிட்டு அதன்மேல் சுமத்துகிறானே, அது என்ன? 10:17-இல் சபையின் அக்கிரமத்தைச் சுமப்பதற்காகவே பாவநிவாரண பலி ஆசாரியருக்குக் கொடுக்கப்பட்டது என்று மோசே சொல்கிறானே, அது? ஏசாயா 53:10-இல் அவருடைய ஆத்துமா தன்னைக் குற்றநிவாரண பலியாக ஒப்புக்கொடுக்கிறது. புதிய ஏற்பாட்டுக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்கவில்லை, பழைய ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

மறைக்கல்வி டீச்சர்

ஓலைச்சுவடி பதில் சொல்லட்டும். நடுவில் நான் ஒன்று கேட்கிறேன். லூக்கா 2:24. இயேசு பிறந்த பிறகு மரியா கோவிலுக்குக் கொண்டுவந்தது என்ன? ஒரு ஜோடி மாடப்புறா அல்லது இரண்டு புறாக் குஞ்சு. ஆட்டுக்குட்டி வாங்க முடியாத ஏழைக்கு லேவியர் 12:8 கொடுத்த வழி அது. அதில் ஒன்று எரிபலி, மற்றது பாவம் போக்கும் பலி. பிள்ளை பெற்றவள் கொண்டுவரும் பலி அவளுடைய பாவத்துக்காகவோ பிள்ளைக்கு இறங்கிய பாவத்துக்காகவோதான் என்றால், இந்தப் பிள்ளைக்கு, இந்தத் தாய்க்கு எதற்கு? கத்தோலிக்கர், சீர்திருத்த சபையார் இருவருமே பதில் சொல்ல வேண்டிய கேள்வி. தீட்டுக் கழித்தல் என்று எடுத்துக்கொண்டால் ஒரு சிக்கலும் இல்லை.

ஓலைச்சுவடி

டீச்சர் அக்கா, அதை நான் யோசிக்கவே இல்லை, நன்றி.

பெத்தேல் ஐயா, வரிசையாக வருகிறேன்.

போக்காடு உங்கள் பக்கம் சாட்சி சொல்லும் என்று நினைக்கிறீர்கள். என் பக்கம்தான் சொல்கிறது. பாவம் ஏற்றப்பட்ட ஒரே மிருகம் அது, அதைப் பலிபீடத்தின் பக்கமே விடுவதில்லை. லேவியராகமம் அதைக் கொல்லச் சொல்லவும் இல்லை. உயிரோடு, குடியில்லாத தேசத்துக்கு ஓட்டிவிடுகிறார்கள். சீட்டுப் போட்டு இரண்டு கடாவைப் பிரிக்கிறார்கள் அல்லவா, செத்த கடாவின்மேல் யாரும் பாவத்தை ஏற்றவில்லை, பாவத்தைச் சுமந்த கடா சாகவில்லை. (இரண்டாம் ஆலயக் காலத்தில் வழக்கம் மாறியிருந்தது. அதைப் பின்பக்கமாக மலையுச்சியிலிருந்து தள்ளிவிடுவார்கள், பாதி மலை இறங்குவதற்குள் துண்டு துண்டாகிவிடும் என்று யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. ஊருக்குத் திரும்பி வந்துவிடக் கூடாது என்ற கவலை போலும்.)

கை வைப்பது: சமாதான பலிக்கும் கை வைக்கிறார்கள், 3:2. பிள்ளை நோயிலிருந்து பிழைத்தது, பயணம் நல்லபடி முடிந்தது, பொருத்தனை நிறைவேறியது என்று நன்றி சொல்லக் கொண்டுவரும் ஆடு. அதன்மேல் எந்தப் பாவத்தை ஏற்றுவது? மற்ற பலிகளில் ஒரு கை, போக்காட்டுக்கு மட்டும் இரண்டு கையும் வாய்விட்ட அறிக்கையும். ஒரு கை வைத்தால், இது என்னுடையது, என் கணக்கில் போகட்டும் என்று பொருள். கையிலேயே ஏந்திக் கொடுக்கும் புறாவுக்கும் மாவுக்கும் கை வைக்கும் சடங்கே கிடையாது.

10:17 நல்ல வசனம். ஆனால் சுமக்கிறவர்கள் யார்? ஆசாரியர்கள். ஆடு இல்லை. அந்த இறைச்சியை அவர்கள் பரிசுத்த ஸ்தலத்திலேயே உட்கார்ந்து சாப்பிடவேண்டும், அது மகா பரிசுத்தமானது, 6:29. பாவம் ஏறிய இறைச்சியைத் தின்னச் சொல்வார்களா?

ஏசாயா 53-ஐ மறுக்க மாட்டேன். அங்கே பலிமொழி இருக்கிறது, ஒரு மனிதன் மற்றவர்களின் அக்கிரமத்தைச் சுமக்கிறான். ஆனால் அது பலிபீடம் இடிந்து கிடந்த காலத்துத் துயரத்திலிருந்து எழும்பிய கவிதை. அதைக் கண்ணாடியாக மாட்டிக்கொண்டு லேவியராகமத்தைப் பார்ப்பது வேறு, லேவியராகமத்தை அதன் காலத்திலேயே நின்று பார்ப்பது வேறு. கேள்வி இரண்டாவதைப் பற்றியது.

சந்தேகத் தோமா

ஒரு ஓட்டை. இரத்தம் உள்ளே போன பலிகளின் இறைச்சியை யாரும் தின்பதில்லை, பாளயத்துக்கு வெளியே கொண்டுபோய் எரிக்கிறாங்க. எரிச்சவன் குளிச்சுட்டுத்தான் திரும்ப வரணும், 16:28. அப்ப ஏதோ ஒண்ணு அந்த உடம்பில் ஏறியிருக்குதானே?

ஓலைச்சுவடி

ஏறியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். துடைத்த துணி அழுக்காகும். மில்க்ரோமும் அதையேதான் சொல்கிறார், ஆனால் அது ஸ்தலத்திலிருந்து ஏறிய அழுக்கு. இந்த இடத்தில் அவரோடு மோதுகிற அறிஞர்கள் உண்டு. பலி கொண்டுவருகிறவன்மேலிருந்தும் ஏதோ நீங்குகிறது என்று வாதிடுகிறார்கள். பாதி வசனங்கள் அவர்களுக்கும் கைகொடுக்கும்.

ஆட்டுக்காரன்

வேதப் பாண்டித்தியம் எனக்குக் கிடையாது. ஆடு தெரியும், அறுக்கத் தெரியும். 3-ஆம் அதிகாரத்தை எழுதினவன் ஆடு உரிச்சவன்தான், அதை மட்டும் அடிச்சுச் சொல்வேன்.

குடலை மூடியிருக்கிற கொழுப்பு, ரெண்டு குண்டிக்காய், அதைச் சுத்தி இருக்கிற கொழுப்பு, ஈரல்மேல இருக்கிற ஜவ்வு. வயித்தைத் திறந்தா கை போற வரிசை அது. குண்டிக்காயைச் சுத்தி இருக்கிற கொழுப்பு கறியில் படர்ந்திருக்கிற கொழுப்பு மாதிரி இல்லை. கெட்டியா, வெள்ளையா, தனியா உரிஞ்சு கையோட வரும். நெருப்பில் போட்டா உடனே பத்தும். பச்சை இறைச்சியைப் போட்டா புகையும், அணையும். பீடத்து நெருப்பு அணையவே கூடாதுன்னு 6-ஆம் அதிகாரத்தில் போட்டிருக்கு. இந்தக் கொழுப்பை அள்ளிப் போட்டா நெருப்பு தானா நிக்கும்.

அப்புறம் வால். வெள்ளாட்டுக்கு வால் பத்திப் பேச்சே இல்லை, செம்மறிக்கு மட்டும் "முழு வாலும்" கர்த்தருக்குன்னு எழுதியிருக்கு. நம்ம ஊர்ச் செம்மறி வாலைப் பார்த்தவனுக்கு இதென்ன பெரிய தானம்னு சிரிப்பு வரும். அவங்க ஊர் ஆடு வேற ஜாதி. வால் அடியில் தலையணை மாதிரி கொழுப்பு திரண்டு தொங்கும், கிலோக் கணக்கில். மொத்த ஆட்டிலேயே ருசியான பகுதி அதுதான்னு அந்தப் பக்கம் வேலைக்குப் போனவங்க சொல்வாங்க. அப்ப கர்த்தருக்குப் போனது கழிச்சுக்கட்டின பாகம் இல்லை, நல்ல பாகம்.

என் கேள்வி: சமாதான பலியில் மிச்சக் கறி எல்லாம் கொண்டுவந்தவனுக்கே. ஆனா நன்றி சொல்ற ஸ்தோத்திர பலின்னா அன்னைக்கே தின்னு தீர்க்கணும். ஒரு வருஷத்து ஆட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் எப்படித் தின்னும்?

மலைப்பாதை

ஆட்டுக்காரன் அண்ணே, இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பதிவு. வால் விஷயத்துக்கு ஒரு சாட்சி: அரபு தேசத்துச் செம்மறிகளின் வால் தரையில் உரசிப் புண்ணாகாமல் இருக்க, மேய்ப்பர்கள் வாலுக்கு அடியில் சின்ன வண்டி கட்டிவிடுவார்கள் என்று கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். கதை விடுகிறார் என்று நினைத்தால், ஓய்வுநாளில் கடா வால் வண்டியோடு வெளியே போகலாமா கூடாதா என்று மிஷ்னாவும் சட்டம் பேசுகிறது.

உங்கள் கேள்விக்குப் பதில்: தின்ன முடியாது. அதனால்தான் ஊரைக் கூப்பிடவேண்டும். 1 சாமுவேல் 9-இல் தொலைந்த கழுதைகளைத் தேடிவந்த சவுல், மேட்டின்மேல் நடக்கும் பலி விருந்தில் போய் உட்காருகிறான். ஏறக்குறைய 30 பேர் பந்தியில். சாமுவேல் சமையற்காரனிடம் முன்னமே எடுத்துவைக்கச் சொன்ன தொடையைக் கொண்டுவந்து சவுலுக்கு முன் வைக்கிறான். சாமுவேல் வந்து ஆசீர்வதிக்கும் வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது.

பழைய இஸ்ரவேலில் பலி என்றால் பெரும்பாலானவர்கள் மனதில் வந்தது இந்தக் காட்சியாகத்தான் இருக்கவேண்டும். கொழுப்பு கர்த்தருக்கு, மார்க்கண்டம் என்ற நெஞ்சுக்கறியும் வலது தொடையும் ஆசாரியனுக்கு, மீதி வீட்டாருக்கும் வந்தவர்களுக்கும். மூன்று பேரும் ஒரே ஆட்டில் பங்கு. ஆசாரியன் ஏலியின் பிள்ளைகள் செய்த குற்றமும் இந்தப் பந்தி ஒழுங்கைக் கெடுத்ததுதான். முதலில் அவர்கள் வேலைக்காரன் மூன்று கூருள்ள முட்கரண்டியோடு வந்து, கொதிக்கிற சட்டியில் குத்தி, வந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டான். பிறகு கொழுப்பு எரிவதற்கு முன்னாலேயே பச்சைக் கறியைக் கொடு, இல்லாவிட்டால் பிடுங்குவேன் என்றான். கர்த்தருக்கு முன் தானே இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆட்டுக்காரன்

எங்க பக்கம் கருப்பசாமி கோயில் கிடா வெட்டு இதேதான் தம்பி. மிஞ்சினதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அங்கேயே ஆக்கி அங்கேயே தின்னு முடிக்கணும். சொந்தக்காரன் வரலைன்னா அடுத்த வருஷம் வரைக்கும் பேச்சு ஓடும்.

பச்சைக்கிளி

இவ்வளவு நேரம் வாசித்துவிட்டு எழுதுகிறேன். கொழுப்பு, ஜவ்வு, குண்டிக்காய் என்று எல்லாரும் ரசிக்கிறீர்கள். அந்த ஆட்டுக்காக ஒருவராவது கவலைப்பட்டீர்களா? உயிர்களைப் படைத்தவர் அவை எரியும் வாசனையில் மகிழ்வார் என்பதே எனக்கு ஒட்டவில்லை.

ஓலைச்சுவடி

கவலைப்பட்டவர்கள் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆதியாகமம் 1:29-இல் மனிதனுக்குக் கொடுத்த ஆகாரம் பூண்டும் கனியும் மட்டும். இறைச்சி ஜலப்பிரளயத்துக்குப் பிறகுதான், அதுவும் இரத்தத்தைத் தொடாதே என்ற நிபந்தனையோடு.

லேவியராகமம் 17:3-4-ஐ வாசியுங்கள். ஒருவன் மாட்டையோ ஆட்டையோ ஆசரிப்புக் கூடார வாசலுக்குக் கொண்டுவராமல் வேறு எங்கேயாவது அறுத்தால், அது அவன்மேல் இரத்தப்பழியாக எண்ணப்படும். மனிதனைக் கொன்றவனுக்குச் சொல்லும் அதே பழி! ஆட்டை அறுத்தவன் கொலைகாரன் ஆகிறான், இரத்தத்தைப் பலிபீடத்தில் உயிரைக் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுத்தால் தவிர. பெத்தேல் ஐயா முதலில் காட்டிய 17:11 இந்தச் சட்டத்துக்கு ஏழு வசனம் தள்ளித்தான் வருகிறது. மில்க்ரோம் அதை இப்படித்தான் படித்தார்: அங்கே இரத்தம் ஈடுகட்டுவது, உணவுக்காக ஒரு உயிரை எடுத்த பழிக்கு.

இந்தக் கண்டிப்பு நெடுநாள் நிற்கவில்லை, அல்லது எல்லாருக்கும் ஒத்துவரவில்லை. உபாகமம் 12 ஆலயத்தை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, தூரத்தில் இருப்பவன் தன் ஊரிலேயே அறுத்துத் தின்னலாம், இரத்தத்தைத் தண்ணீரைப்போல் தரையில் ஊற்றிவிடு என்று சொல்லிவிட்டது. ஒரே மோசேயின் பேரில் இரண்டு சட்டம்.

மறைக்கல்வி டீச்சர்

வாசனை பற்றி ஒன்று. பாபிலோனியர் பக்கம் கடவுளுக்கு உண்மையாகவே பசிக்கும். உருக் நகரத்துக் கோவிலில் தெய்வத்துக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளைச் சாப்பாடு, காலையில் பெரியது சிறியது, மாலையில் பெரியது சிறியது என்று பட்டியலே களிமண் பலகையில் இருக்கிறது. கில்காமேஷ் காவியத்து வெள்ளக் கதையில், மனிதர்கள் அழிந்ததால் படையல் நின்று போகிறது. வெள்ளம் வடிந்து முதல் பலி எரிந்ததும் தேவர்கள் ஈக்களைப்போல மொய்க்கிறார்கள். நோவா கதையில் ஆண்டவர் நறுமணத்தை நுகர்ந்தார், அதோடு நின்றுவிடுகிறது. ஈ இல்லை, பசி இல்லை.

ஆனால் பேச்சுவழக்கு அப்படியே தங்கிவிட்டது. லேவியர் 21-இல் பலிகளைக் கடவுளின் உணவு என்றே சொல்கிறார்கள். காலையில் ஒரு ஆட்டுக்குட்டி, மாலையில் ஒன்று, கூடவே மாவும் எண்ணெயும் திராட்சை இரசமும்: இது சாப்பாட்டுத் தட்டு இல்லாமல் வேறென்ன? அதைத்தான் திருப்பாடல் 50 கிண்டல் செய்கிறது. எனக்குப் பசித்தால் உன்னிடமா சொல்வேன், காளைகளின் இறைச்சியை உண்பேனோ, கிடாய்களின் குருதியைக் குடிப்பேனோ என்று.

இறைவாக்கினர்கள் பலியையே எதிர்த்தார்கள் என்று சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. எசாயா 1-இல் பலிகளை வெறுக்கும் அதே ஆண்டவர், நீங்கள் எவ்வளவு மன்றாடினாலும் கேட்கமாட்டேன் என்கிறார். மன்றாட்டையே ஒழித்துவிட்டாரா? காரணம் அடுத்த வரியில் இருக்கிறது, உங்கள் கைகளில் இரத்தக்கறை. ஆமோஸ் 2:8 இன்னும் துல்லியம்: ஏழையிடம் அடகு வாங்கிய மேலாடையை விரித்து, பீடத்தின் பக்கத்திலேயே படுத்துக்கிடக்கிறான் ஒருவன். அந்த மேலாடையைப் பொழுது சாயும்முன் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது விடுதலைப் பயணத்து (யாத்திராகமத்து)ச் சட்டம். பறித்த பொருளை ஆண்டவருக்குக் கொடை என்று நீட்டினால் வாங்குவாரா? குற்றப்பழி நீக்கும் பலியின் ஒழுங்கும் இதையேதான் கேட்கிறது. ஏமாற்றியதை முழுவதும், அதோடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து உரியவனிடம் கொடு, பிறகு ஆட்டுக்கிடாயைக் கொண்டு வா.

மலைப்பாதை

எல்லாரும் வசனத்திலேயே நிற்கிறீர்கள், கொஞ்சம் மண்ணையும் கிளறலாம்.

தெற்கு இஸ்ரேலில் இருக்கும் பெயெர்செபாவில் 1973-இல் தொல்லியலாளர் யோகனான் அகரோனியின் குழு ஒரு கொம்புள்ள பலிபீடத்தின் கற்களைக் கண்டெடுத்தது. பீடமாக இல்லை. பிரித்து, ஒரு கிடங்கின் சுவரில் சாதாரணக் கல்லாக வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு கல்லில் பாம்பு செதுக்கியிருந்தது. யூதாவின் ராஜா எசேக்கியா ஊர்ப்புறப் பலிமேடைகளை அகற்றியதன் தடயம் என்றார் அகரோனி. காலத்தில் எல்லாருக்கும் ஒப்புதல் இல்லை. யாத்திராகமம் 20:25 வெட்டாத கல்லில் கட்டு என்கிறது, இதுவோ அழகாகச் செதுக்கிய கல். சட்டமும் நடைமுறையும் ஊருக்கு ஊர் வேறு.

ஆராத் கோட்டைக்குள் ஒரு சிறு யூதா ஆலயம். கருவறை வாசலில் இரண்டு தூபபீடங்கள். மேலே கருகிக் கிடந்ததை 2020-இல் சோதித்து வெளியிட்டார்கள். ஒன்றில் சாம்பிராணி வகைக் குங்கிலியம், மிருகக் கொழுப்போடு. மற்றதில் கஞ்சா, சாணத்தோடு!

இன்னும் தெற்கே, எகிப்தில் எலிபன்டைன் தீவு. அங்கே பாரசீகருக்குக் கூலிப்படையாக இருந்த யூதர்கள் தங்களுக்கென்று ஒரு ஆலயம் வைத்துப் பலி கொடுத்துவந்தார்கள். பக்கத்திலேயே ஆட்டுக்கடாத் தலையுள்ள க்னூம் தெய்வத்தின் கோயில். கி.மு. 410-இல் க்னூமின் பூசாரிகள் ஆள் சேர்த்து யூத ஆலயத்தை இடித்துவிட்டார்கள். 407-இல் யூதேயா ஆளுநருக்கு யூதர்கள் எழுதிய மனு பாப்பிரசில் அப்படியே கிடைத்திருக்கிறது. திரும்பக் கட்ட அனுமதி கிடைத்தது, மாவு படைக்கும் போஜனபலிக்கும் தூபத்துக்கும் மட்டும். ஆடு மாடு எரிப்பது போயிற்று. அக்கம்பக்கத்துக் கடாச் சாமிக்காகவா, எருசலேமின் தனியுரிமைக்காகவா என்று இன்னும் சண்டை ஓடுகிறது. ஆனால் மாவும் தூபமும் மட்டும் இருந்தாலும் அது ஆலயம்தான் என்று அந்த மக்களால் ஏற்றுக்கொள்ள முடிந்தது. வாசிப்பு மேசையின் மாவுக் கேள்விக்கு இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எருசலேமில் கடைசிக் காலம் எப்படி இருந்தது என்பது மிஷ்னாவில் நிறைய. கி.பி. 200 வாக்கில் தொகுத்தது, ஆலயம் இடிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, ஆகவே கொஞ்சம் ஏக்கமும் கலந்திருக்கும். பீடத்தின் தென்மேற்கு மூலையில் மூக்குத் துவாரம்போல இரண்டு ஓட்டை. இரத்தம் அதன் வழியே இறங்கிக் கால்வாயில் கலந்து கீதரோன் பள்ளத்துக்குப் போகும். அங்கே தோட்டக்காரர்கள் உரத்துக்கு விலை கொடுத்து வாங்குவார்கள். காசு கொடுக்காமல் எடுத்தால் தேவனுடைய சொத்தைத் திருடிய குற்றம். எகிப்திலிருந்து புறப்பட்டதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையில் ஆசாரியர் இரத்தம் பிடிக்கும் கிண்ணங்களுக்கு அடித்தட்டு கிடையாது. கீழே வைத்தால் இரத்தம் உறைந்துவிடும் என்று வைக்கவே முடியாதபடி செய்திருந்தார்கள். ஆலய அலுவலர் பட்டியலில் வயிற்றுக் கோளாறு பார்க்கத் தனியாக ஒருவர், பென் அகியா என்று பெயர். வெறுங்காலோடு குளிர்ந்த கல்தரையில் நின்று நாள் முழுக்க இறைச்சி தின்றால் வயிறு என்ன ஆகும் என்று பிற்கால யூத ஆசான்களான ரபிகள் விளக்குகிறார்கள்.

வாசிப்பு மேசை

பென் அகியாவை இனி மறக்க மாட்டேன்.

கி.பி. 70-இல் ஆலயம் போன பிறகு யூதர்கள் என்ன செய்தார்கள்? துடைக்க ஆள் இல்லை, பீடம் இல்லை. ஓலைச்சுவடி சொன்ன கணக்குப்படி எல்லாம் நின்றுபோயிருக்கவேண்டுமே?

ஓலைச்சுவடி

அந்தக் கேள்வியை ரபி யோசுவா அழுதுகொண்டே கேட்டதாக ஒரு கதை உண்டு. பாழான ஆலயத்தைப் பார்த்து, இஸ்ரவேலின் பாவத்துக்கு நிவிர்த்தி நடந்த இடம் போயிற்றே என்றார். கூடவந்த யோகனான் பென் சக்காய், நமக்கு அதற்குச் சமமான வேறொன்று உண்டு, இரக்கச் செயல்கள் என்று சொல்லி ஓசியா 6:6-ஐக் காட்டினார். அன்றாடப் பலிகளின் வேளைகளில் ஜெபங்கள் வந்து உட்கார்ந்தன. பிற்பகல் ஜெபத்துக்கு இன்றும் பலியின் பெயர்தான், மின்கா.

பலி எதற்கு என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ், 12-ஆம் நூற்றாண்டு, பளிச்சென்று சொன்னார்: சுற்றியிருந்த உலகம் முழுவதும் மிருகத்தைக் கொன்றே கும்பிட்டது, ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் ஜனங்கள் தாங்கமாட்டார்கள், அதனால் கர்த்தர் அதை அனுமதித்து, ஒரே இடத்துக்கு, ஒரே குலத்துக்குக் கட்டுப்படுத்தித் தம் பக்கம் திருப்பினார் என்று. அடுத்த நூற்றாண்டில் நாக்மானிடிஸ் என்ற இன்னொரு யூத அறிஞர் கொதித்துப்போனார். ஆபேல் பலி கொடுத்தபோது எந்த எகிப்து, எந்த விக்கிரகம் இருந்தது என்று கேட்டார். பாவம் செய்தவன், இந்த இடத்தில் சிந்துவது என் இரத்தமாக இருந்திருக்கவேண்டும் என்று உணரவேண்டும், அதற்குத்தான் பலி என்பது அவர் விளக்கம். பெத்தேல் ஐயா, உங்கள் பக்கத்துக்கு ஒரு பெரிய யூதச் சாட்சி. நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

மலைப்பாதை

முற்றிலும் நிற்கவும் இல்லை. சமாரியர்கள் கெரிசீம் மலைமேல் வருடா வருடம் பஸ்கா ஆடுகளை இன்றும் அறுக்கிறார்கள். மொத்த ஜனமே ஆயிரத்துக்கும் குறைவு. வெள்ளை உடுத்து நிற்பார்கள், பிரதான ஆசாரியர் யாத்திராகமம் 12-ஐ வாசிப்பார், சூரியன் மறையும் நேரத்தில் கத்தி இறங்கும். பிறகு குழி அடுப்பில் முழு ஆடாகச் சுட்டு, இராத்திரியிலேயே தின்று முடிப்பார்கள். பாவத்தைப் பற்றிய பேச்சு அங்கே குறைவு, எகிப்திலிருந்து புறப்பட்டது பற்றித்தான்.

பெத்தேல் 78

நாக்மானிடிஸ் விஷயத்துக்கு நன்றி பிரதர். என் நிலை மாறவில்லை. பலியின் ஒழுங்கைத் தனித்தனியாகப் பிரித்தால் நீங்கள் சொல்கிறபடி கழுவுதலும் விருந்தும் கொடையும் தெரிகிறது. ஆனால் ஜனங்கள் வேதத்தைப் பிரித்து வாசிக்கவில்லை. ஆபிரகாம் பலியிடப் போன மகன் ஈசாக்குக்குப் பதிலாகப் புதரில் மாட்டிய ஆட்டுக்கடாவையும், வாசல் நிலையில் பூசிய பஸ்கா இரத்தத்தையும் கேட்டு வளர்ந்தவன், முற்றத்தில் ஆட்டின் தலைமேல் கை வைக்கும்போது "எனக்குப் பதிலாக" என்று நினைக்காமல் இருந்திருப்பானா? மேல்நாட்டுப் பேராசிரியர் கேட்டது எழுதின ஆசாரியனை. சிஸ்டர் கேட்டது ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவனை.

ஓலைச்சுவடி

இது சரியான அடி. நின்றவன் எழுதிவைக்கவில்லை, எழுதியவன் ஆசாரியன். ஆனால் பஸ்காவில் ஆடு தலைச்சனுக்குப் பதில் என்று யாத்திராகமம் 12 சொல்லவில்லை. இரத்தம் வீட்டுக்கு அடையாளம், அதைக் கண்டு கடந்துபோவேன் என்கிறது. ஈசாக்கின் கடா வேறு, அங்கே "குமாரனுக்குப் பதிலாக" என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது, ஆனால் அங்கே பாவம் என்ற பேச்சே கிடையாது. முழுவதையும் எரித்துவிடும் சர்வாங்க தகனபலி அது. பதிலாள் இருக்கும் இடத்தில் பாவம் இல்லை, பாவம் இருக்கும் இடத்தில் பதிலாள் இல்லை. இரண்டையும் முதலில் சேர்த்து முடிச்சுப் போட்டது ஏசாயா 53 என்பதே என் வாதம். நீங்கள் அதை முடிவு என்பீர்கள், நான் ஒரு புதிய தொடக்கம் என்பேன்.

மட்டுறுத்துநர்

ஏசாயா 53-க்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அந்த விவாதத்தை அங்கே தொடருங்கள். இது லேவியராகமத்துக்காகத் திறந்தே இருக்கும்.

ஆட்டுக்காரன்

அங்க போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. சர்வாங்க தகனத்தில் முழு ஆட்டையும் எரிச்சா தோல் என்ன ஆகும்?

மறைக்கல்வி டீச்சர்

எரிக்கமாட்டார்கள் அண்ணே. லேவியர் 7:8, தோல் பலி செலுத்திய குருவுக்கு.